சூரியனோடு பந்தயம் கட்டிய உப்புமா

இருபத்து மூன்று வயது வரை நான் சமையற்கட்டுக்குள் போனது தண்ணீர் குடிக்கவும், அம்மா அந்தப் பக்கம் திரும்பும் நேரம் பார்த்து வறுத்த மீனில் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு ஓடவும் மட்டும்தான். இதில் எனக்கு வெட்கம் ஏதும் இருந்ததில்லை. அம்மாவுக்கும் கிடையாது. "அவ உள்ள வந்தா எனக்கு ரெட்டை வேலைமா" என்று தெருவில் சொல்லிக்கொள்வாள், ஏதோ மகள் கலெக்டருக்குப் படிக்கிறாள் என்கிற தோரணையில். நான் படித்தது டைப்ரைட்டிங் ஹையர்.

அந்த டைப்ரைட்டிங்கை நம்பி ஏனாத்தூர் பக்கம் ஒரு கல்லூரி ஆபீசில் வேலை கொடுத்தார்கள். அதே ஆபீசில் கணக்குப் பிரிவில் தரணி இருந்தான். திருப்பருத்திக்குன்றத்துப் பையன். தமிழ் பேசும் ஜெயின் குடும்பம். முட்டை என்ற சொல்லைக்கூட மெதுவாகத்தான் சொல்வார்கள். எங்கள் வீடோ பெரிய காஞ்சிபுரத்தில், ஞாயிற்றுக்கிழமை மீன் வாசனை வரவில்லை என்றால் அக்கம்பக்கத்தார் உடம்புக்கு என்ன என்று விசாரிக்க வருகிற வீடு. இந்த இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு டவுன் பஸ் ஓடியது. அதில் நாங்கள் இருவரும் ஏறினோம். மற்றது உங்களுக்கே தெரியும்.

இரண்டு வருடப் பழக்கத்தில் தரணியிடம் எனக்கு ஒரே ஒரு குறை. ஆபீஸ் விட்டு எந்த ஹோட்டலுக்குக் கூப்பிட்டாலும் வர மாட்டான். மதியம் என்றால் வருவான், பொழுது சாய்ந்தால் "வீட்டுல சீக்கிரம் சாப்புட்ருவோம் மகேசு" என்று நழுவிவிடுவான். கஞ்சன், செலவுக்குப் பயந்துகொண்டு ஓடுகிறான் என்று நானாக முடிவு கட்டிக்கொண்டேன். (காதலில் இருப்பவர்களுக்கு விசாரணை பிடிக்காது. தீர்ப்புதான் பிடிக்கும்.) அந்தச் 'சீக்கிரம்' எத்தனை மணி என்று கேட்கவே இல்லை. எங்கள் அகராதியில் சீக்கிரம் என்றால் ஒன்பது மணி. அப்பா வேலை செய்த பட்டுக்கடையை மூடி, அவர் வீடு வந்து, கால் கழுவி உட்கார்ந்தால்தான் எங்கள் வீட்டில் தட்டு விழும்.

விஷயம் வீட்டுக்குத் தெரிந்தபோது எங்கள் பக்கம் பெரிதாகப் புயல் வீசவில்லை. "பையன் குடிக்க மாட்டானாம், சிகரெட்டும் கெடையாதாம்" என்று அம்மா சொன்னதும் அப்பா யோசித்துப் பார்த்துவிட்டு, "அப்ப சந்தேகப்பட என்ன இருக்குது, புடிச்சுக்கோ" என்றார். தடை அந்தப் பக்கம்தான். தரணியின் அம்மா பத்மாவதி அம்மாள், 'மீன் குழம்பு வைக்கிற வீட்டுப் பெண் நம் வீட்டு அடுப்பில் என்ன செய்வாள்' என்று கேட்டிருக்கிறார். அதற்கு இந்தப் புண்ணியவான், "அவ நல்லா சமைப்பாம்மா. தெனம் ராத்திரி சமையல் அவதான்" என்று அளந்துவிட்டிருக்கிறான். அளந்ததை என்னிடம் சொல்லவும் இல்லை.

"ஞாயித்துக்கிழமை சாயங்காலம் சாப்பாட்டுக்கு வராங்க. அம்மாவுக்கு உன்னப் புடிச்சிட்டா முடிஞ்சுது. புடிக்கலன்னா..." என்று பஸ்சில் இழுத்தான்.

"புடிக்கலன்னா?"

"அம்மா ஒரு தடவ வேணாம்னு சொல்லிட்டா அப்பாகூட மாத்த முடியாது."

அப்பா திட்டம் போட்டார். வீட்டில் சமைத்தால் பாத்திரத்தில் மீன் வாசனை இருக்கிறது என்று பேச்சு வரும், எதற்கு வம்பு? பஸ் ஸ்டாண்டு பக்கம் புதிதாகத் திறந்திருந்த சைவ ஹோட்டலில் ஏசி ஹாலில் எட்டு மணிக்கு இடம் சொல்லிவைப்பது, அவர்கள் வந்த பிறகு நேரில் சொல்லிக்கொள்வது. தை மாதம், முகூர்த்தக் கூட்டம், ஞாயிற்றுக்கிழமையும் கடை உண்டு. அப்பா இருட்டியதும் கிளம்பி ஆட்டோவோடு வந்துவிடுவார். அம்மாவுக்கு மகா சந்தோஷம். ஹோட்டல் சாப்பாடு எங்களுக்கு வருடத்தில் இரண்டு தடவை வந்தால் அதிகம். அன்று காலை தோசைக்கு மாவு ஆட்டவில்லை, காய் வாங்கவில்லை. வீட்டைத் துடைத்துச் சாம்பிராணி போட்டதோடு சரி.

மாலை நாலரை மணி. நான் தலையில் எண்ணெய், முகத்தில் கடலை மாவு, உடம்பில் பழைய நைட்டி என்ற கோலத்தில் டீவி பார்த்துக்கொண்டிருந்தேன். வாசலில் தரணியின் ஸ்கூட்டர் சத்தம். அதன் பின்னாலேயே ஓர் ஆட்டோ.

"மகேசு, வந்துட்டாங்கடி!" என்று அம்மா கத்தினாள். அந்தக் கத்தல் எங்கள் தெரு முழுக்க வந்தவர்களை வரவேற்றுவிட்டது.

மரவண்ணப் பட்டுப்புடவையில் பத்மாவதி அம்மாள், அவருக்குப் பின்னால் சலவை வேட்டியில் தரணியின் அப்பா. ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். நான் கடலை மாவு முகத்தோடு, கும்பிடுகிறேன் என்று இரண்டு கையையும் தூக்கினேன். கையில் ரிமோட் இருந்தது.

"சீக்கிரமே வந்துட்டீங்க, ரொம்ப சந்தோஷம்" என்றாள் அம்மா. "அவரு கடையில இருந்து வந்துருவாரு. எட்டு மணிக்கு ஹோட்டல்ல சொல்லி வெச்சிருக்குது."

வாத்தியார் தரணியைப் பார்த்தார். தரணி தரையைப் பார்த்தான்.

"எட்டு மணிக்கா?" என்றார் அவர் மெதுவாக. "நாங்க பொழுது போனா சாப்புட மாட்டோமேமா. தண்ணிகூட இல்ல. பையன் சொல்லலியா?"

இரண்டு வருடமாக நான் கஞ்சன் என்று திட்டியது அந்த நொடியில் வரிசையாக வந்து என் கண்முன் நின்றது. பையன் சொல்லத்தான் சொன்னான், 'சீக்கிரம்' என்று. அதை ஒன்பது மணி என்று மொழிபெயர்த்தது இந்த டைப்பிஸ்ட்.

அம்மா சமாளித்தாள். "அதுக்கென்ன, இப்பவே ஹோட்டலுக்குப் போயிடலாம்."

"இந்த நேரத்துல பஜ்ஜியும் காபியும்தான் இருக்கும். அதுலயும் வெங்காயம், உருளைக்கெழங்கு. நாங்க கெழங்கு, வெங்காயம், பூண்டு எதுவும் சேக்கறதில்ல" என்றார் பத்மாவதி அம்மாள். பிறகு என் பக்கம் திரும்பினார். "ஹோட்டல் எதுக்கும்மா? தெனம் ராத்திரி சமையல் நீதானாமே. இருக்கறத வெச்சு எளிமையா ஏதாச்சும் பண்ணேன். நான் பக்கத்துல உக்காந்து பேசிக்கினு இருக்கேன்."

அம்மா என்னைப் பார்த்தாள். தினம் ராத்திரி யார் சமைக்கிறார்கள் என்று அவளுக்கே ஒரு கணம் சந்தேகம் வந்துவிட்டது.

முகம் கழுவி, கைக்குக் கிடைத்த சுடிதாரில் நுழைந்து சமையற்கட்டுக்குப் போனேன். ஒரு மணையைப் போட்டுக்கொண்டு பத்மாவதி அம்மாள் வாசற்படி ஓரம் உட்கார்ந்தார். "நீங்க வெளிய உக்காருங்க, பாவம், தெனமும் வேலதானே" என்று அவர் அம்மாவை அன்போடு அனுப்பிவிட்டதால், அம்மா புழக்கடை வழியாகச் சுற்றிப் போய் ஜன்னலுக்கு வெளியே நின்றாள். அங்கிருந்து ஊமைச் சைகை.

அவள் முதலில் கையை மணல் அள்ளுவதுபோல் அள்ளிக் காட்டினாள். ரவை. ஆக, உப்புமா. சரி, உப்புமா எனக்குத் தெரியாதா, எத்தனை தரம் தின்றிருக்கிறேன்! வாணலி வைத்தேன். எண்ணெய் ஊற்றினேன். கடுகு போட்டேன். அது வெடித்து என் கன்னத்தில் பட்டது. கத்தவில்லை. உளுத்தம்பருப்பு, பச்சை மிளகாய், கறிவேப்பிலை. தண்ணீர். ஜன்னலில் அம்மா விரல்களை விரித்து மூடி ஏதோ காட்டினாள். கொதிக்கட்டும் என்று அர்த்தமாம். நான் கொட்டு என்று புரிந்துகொண்டு மொத்த ரவையையும் வெதுவெதுத்த தண்ணீரில் கவிழ்த்தேன். அம்மா தலையில் கை வைத்துக்கொண்டு ஜன்னலிலிருந்து மறைந்துவிட்டாள்.

அப்போதுதான் அடுப்பு ஒரு பெருமூச்சு விட்டு அணைந்தது. சிலிண்டர் காலி. இன்னொரு சிலிண்டருக்குப் பதிவு செய்து காத்திருந்தோம்.

வாணலியில் இருந்தது உப்புமா இல்லை. தேர்தல் நேரத்தில் சுவரில் போஸ்டர் ஒட்டக் காய்ச்சுவார்களே, அது. பரணிலிருந்து மண்ணெண்ணெய் ஸ்டவ்வை இறக்கித் திரியைப் பற்ற வைத்தேன். அவ்வளவு பெரிய வாணலி அதன் மேல் நிற்காமல் சாய்ந்து ஆடியது. அதன் மேல் ஆடாமல் உட்கார்ந்த ஒரே சாமான் தோசைக்கல்.

மணையில் உட்கார்ந்திருந்த பத்மாவதி அம்மாள் இப்போது கேட்டார்.

"ஏம்மா, தெனம் நீதான் சமைக்கிறியா?"

தரணி சொன்ன பொய்யை அப்படியே தூக்கிப் பிடித்திருக்கலாம். ஆனால் கன்னத்தில் கடுகும் கையில் பசையுமாக நிற்கிற ஒருத்தி எதைத்தான் தூக்கிப் பிடிப்பாள்?

"இல்லீங்க. இன்னைக்குத்தான் மொத தடவ."

"தெரியுதும்மா" என்றார்.

எனக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டு நின்றால் இரண்டு வருடமும் போய்விடும் என்று ஒரு வீம்பும் வந்தது. மாடியில் தரணியை நிறுத்தி வைத்திருந்தார் அவன் அப்பா, பொழுது எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க. அவன் அங்கிருந்து கிரிக்கெட் வர்ணனை மாதிரி கத்திக்கொண்டிருந்தான். "கோபுரத்துக்கு மேல இருக்குது! இன்னும் இருக்குது!" ஏகாம்பரநாதர் கோயில் ராஜகோபுரம் எங்கள் வீட்டுக்கு மேற்கே, மாடியில் ஏறினால் கண்ணை நிறைத்துக்கொண்டு நிற்கும்.

பசையில் தயிரை ஊற்றினேன், கட்டி கரையட்டும் என்று. நீர்த்துப் போனது. அரிசி மாவை அள்ளிப் போட்டேன். இறுகிப் போனது. கொத்துமல்லியைக் கிள்ளிப் போட்டுப் பிசைந்தேன். இனி இதை உருண்டையாகப் பிடித்து யார் மேலாவது எறியலாம் என்ற பதத்தில், ஓர் உருண்டையைத் தோசைக்கல்லில் அறைந்து, எண்ணெய் விட்டுத் தட்டினேன். முதல் ரொட்டி கல்லை விட்டு வர மாட்டேன் என்றது. சுரண்டி எடுத்தேன். இரண்டாவது ஒரு பக்கம் கருகியது. மூன்றாவதைத் திருப்பியபோது பொன்னிறம், ஓரத்தில் சரசரவென்று சத்தம். அந்தச் சத்தத்தை நான்தான் உண்டாக்கினேன் என்று நம்ப எனக்குச் சற்று நேரம் பிடித்தது.

பத்மாவதி அம்மாள் எழுந்து வந்தார். கருகிய ரொட்டியில் ஒரு விள்ளல் கிள்ளி வாயில் போட்டார். மென்றார். முந்தானையை இடுப்பில் செருகினார்.

"வெல்லமும் நெய்யும் எங்க வெச்சிருக்க? நீ தட்டு, நான் திருப்பறேன்."

நான் தட்ட, அவர் திருப்ப, ஜன்னலுக்குத் திரும்பி வந்த அம்மா இந்தக் காட்சியைப் பார்த்து வாயைப் பிளக்க, ரொட்டிகள் அடுக்கு கட்டின. தட்டில் எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தேன். வாத்தியார் கை கழுவிவிட்டுச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். தட்டை அவர் முன் வைக்கவும் மாடியிலிருந்து குரல் வரவும் சரியாக இருந்தது.

"போச்சுப்பா! கோபுரத்துக்குப் பின்னால போயிடுச்சு!"

அவர் தட்டை மெல்லத் தள்ளி வைத்தார். "பரவாயில்லமா. காலையில எழுந்ததும் சாப்புட்டுக்கலாம். நீ பட்ட பாடு தெரியுது" என்றார். ரொம்ப நல்ல மனிதர். அந்த நல்ல குணம்தான் எனக்குத் தாங்கவில்லை.

"இருங்க சார்" என்றேன். (அங்கிள் என்று கூப்பிடத்தான் ஒத்திகை பார்த்திருந்தேன். வாத்தியாரைப் பார்த்ததும் நாக்கு பள்ளிக்கூடத்துக்கு ஓடிவிட்டது.) தோசைக்கரண்டியோடு மாடிக்கு ஓடினேன். கோபுரம் கருப்பாக நின்றது. அதன் இரண்டு பக்கமும் வெளிச்சம் வழிந்துகொண்டிருந்தது. கீழே குனிந்து கத்தினேன்.

"சார், மேல வாங்க! கோபுரம் மறைச்சா சூரியன் மறைஞ்சதா ஆயிடுமா? நான் குடை புடிச்சா பொழுது போயிடுமா?"

வரப்போகிற மாமனாரிடம் கரண்டியை நீட்டிக்கொண்டு வாதாடுகிறாளே என்று அம்மா கண்ணை மூடிக்கொண்டது மாடிக்கே தெரிந்தது. வாத்தியார் படியேறி வந்தார். கோபுரத்தைப் பார்த்தார். கண்ணைச் சுருக்கினார். தலையைச் சாய்த்து மனதுக்குள் ஏதோ கோடு இழுத்தார்.

"பாயிண்ட்டுதான்" என்றார். "மறைக்கறது கட்டடம். அஸ்தமனம் இன்னும் ஆகல. கண்ணுக்குத் தெரியற எடத்துக்குப் போயிட்டா ஆட்சேபணை இல்ல."

"அந்த மாடியில தெரியும் சார்!"

எங்கள் மாடிக்கும் பக்கத்து மாடிக்கும் நடுவில் இடுப்பளவு சுவர். அந்த வீட்டார் வடகம் பிழிந்து புடவை நிறையக் காயப்போட்டிருந்தார்கள். முதலில் தரணி தாண்டினான். அடுத்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாத்தியார். அவரைத் தொடர்ந்து மரவண்ணப் பட்டில் பத்மாவதி அம்மாள், ஒரு கையில் நெய்க் கிண்ணத்தோடு! வடகத்தை மிதிக்காமல் எல்லோரும் நுனிக்காலில் அந்தக் கோடி வரை போனோம். கோபுரத்தின் தோளுக்குப் பக்கத்தில், சிவப்பாக, முழுசாக, சூரியன்.

"இருக்குது!" என்று வாத்தியார் சின்னப் பையன் மாதிரி கத்தினார்.

கவிழ்த்துப் போட்ட ஒரு தண்ணீர் டிரம்மின் மேல் அவரும், கைப்பிடிச் சுவரில் சாய்ந்து மற்றவர்களும் சாப்பிட்டார்கள். சூடான ரொட்டி, மேலே நெய், கையில் வெல்லக்கட்டி. நான் கீழே ஓடுவதும் அடுத்த அடுக்கோடு ஏறிவந்து சுவர் தாண்டுவதுமாக இருந்தேன். சூரியன் நகர நகர எல்லோரும் தட்டோடு ஓரடி நகர்ந்தார்கள். தென்னை மரங்களுக்குப் பின்னால் கடைசிக் கீற்று போவதற்குள் வாத்தியார் கடைசி விள்ளலை விழுங்கி, தண்ணீர் குடித்து, காலித் தட்டைச் சூரியனுக்குக் காட்டினார். நாங்கள் எல்லோரும் கைதட்டினோம். கீழே தெருவில் யாரோ நின்று வேடிக்கை பார்த்ததுகூட நினைவிருக்கிறது.

பத்மாவதி அம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார். "சமையல் யார் வேணா கத்துக்கலாம். கேட்டதுக்கு இந்தப் பொண்ணு உண்மையச் சொல்லுச்சு, சாப்பாட்டையும் விட்டுக்குடுக்கல. எனக்குச் சம்மதம்." பிறகு தரணி பக்கம் திரும்பி, "உன்கிட்ட வீட்டுல பேசிக்கறேன்" என்றார்.

அந்த நேரம் பார்த்து வாசலில் ஆட்டோ வந்து நின்றது. அப்பா இறங்கி அண்ணாந்து பார்த்தார். சொந்த வீட்டு மாடி காலி. சம்பந்தம் பேச வந்தவர்கள் அடுத்த வீட்டு மாடியில் வடகத்துக்கு நடுவே நிற்கிறார்கள். "ஏன் எல்லாரும் அங்க நிக்கறீங்க? திருடன் ஏறிட்டானா?" என்றார்.

விவரம் கேட்டு அவர் முகம் வாடியதைப் பார்த்து, வாத்தியாரே "நீங்க சாப்புடுங்க, நாங்க கூட உக்காந்து பேசிக்கினு இருக்கோம்" என்று கிளம்பினார். எட்டு மணிக்கு ஏசி ஹாலில் நாங்கள் மூன்று பேர் நெய் ரோஸ்ட் சாப்பிட, எதிரே அவர்கள் மூன்று பேரும் தண்ணீரைக்கூடத் தொடாமல் மலர்ந்த முகத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். சர்வருக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"சார், சர்வீசுல ஏதாச்சும் கொறையா?"

"இல்லப்பா. சூரியன் போயிடுச்சு" என்றார் வாத்தியார்.

சர்வர் தலைக்கு மேலே எரிந்துகொண்டிருந்த டியூப் லைட்டை ஒரு தரம் பார்த்துவிட்டு, எங்கள் பக்கமே வராமல் இருந்துவிட்டார். கல்யாணத் தேதி அங்கேதான் பேசி முடித்தோம்.

நான் இப்போது நன்றாகவே சமைப்பேன். அது வேறு கதை. பொழுதோடு சாப்பிடுவதும் பழகிவிட்டது. வெளியே சாப்பிடுவதென்றால் ஐந்து மணிக்கே போவோம், சர்வர்கள் தலை வாரிக்கொண்டிருக்கும் நேரத்தில். அன்றைய முதல் தோசை எங்களுக்குத்தான் விழும். ஆனால் மாமியார் இன்றும் ஆசையாகக் கேட்பது அந்த ரொட்டியைத்தான். அது சரியாக வர வேண்டும் என்றால் உப்புமா கெட வேண்டும். கொதிக்காத தண்ணீரில் ரவையைக் கொட்டி, பாதியில் அடுப்பை அணைத்து, வேண்டுமென்றே பசை காய்ச்சுகிறேன். "அன்னைக்கு மாதிரி இல்ல. இப்ப உனக்குச் சமையல் தெரிஞ்சு போச்சு" என்று குறைப்படுவார்.

மாமனாருக்கோ ரொட்டி முக்கியமில்லை, மாடிதான். எங்கள் குடும்பத்தில் யாருக்கு எந்தக் கதவு மூடினாலும் அவர் சொல்வது ஒன்றுதான். போன வருடம் என் மகள், காலேஜ் விண்ணப்பத்தின் கடைசி நாளில் வீட்டில் நெட் போய்விட்டது என்று தலையில் கை வைத்து உட்கார்ந்தாள். "போச்சு தாத்தா, எல்லாம் போச்சு" என்று ஒரே அழுகை.

அவர் பேப்பரிலிருந்து தலையை நிமிர்த்தவே இல்லை.

"பக்கத்து மாடிக்குத் தாண்டுமா" என்றார்.

அவள் நிஜமாகவே லேப்டாப்போடு சுவர் ஏறிக் குதித்து, பக்கத்து வீட்டு நெட்டில் அனுப்பிவிட்டு வந்தாள். இடமும் கிடைத்துவிட்டது.